அடுப்புக்காகச் சுவரை வெட்டப் போறீங்களா? முதல்ல முட்டுக் கொடுங்க!

‘புதுசா ரெட்டை அடுப்பு போடலாம்னு இருக்கோம். பழைய புகைக்கூண்டோட வாய் பத்தலை. ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிவிட்டா சரியாயிடுமா?’

கேள்வி-பதில் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்விகளில் இதுவும் ஒன்று. பார்க்கச் சின்ன வேலையாகத்தான் தெரியும். கடப்பாரையால் நாலு போடு போட்டால் முடிந்துவிடும் என்று எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம். சுவரைத் தொட்ட பிறகுதான், எங்கள் அம்மா எத்தனை வருடமாக எதன் அடியில் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. அந்த அனுபவத்தோடு, இந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையையும் பகிர்ந்துகொள்கிறேன்.

கரிந்துபோன பனஞ்சட்டம்

கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தோட்டம். சாளையை ஒட்டியே ஓட்டு வீடு. சமையலறையின் ஒரு மூலையில் செங்கல்லால் கட்டிய புகைக்கூண்டு. அதன் முன்சுவர் 9 அங்குலக் கனம், 6 அடி அகலம். நடுவில் இரண்டரை அடி அகலமும் 3 அடி உயரமும் உள்ள வாய். உள்ளே திட்டின் மேல் கொடியடுப்பு. கூண்டு மேலே போகப்போகக் குறுகி, ஓட்டுக்கு மேல் எட்டிப் பார்க்கும்.

அம்மாவுக்கு இரண்டு வருடமாக இருமல். டாக்டர் முதலில் கேட்டதே, ‘விறகடுப்பா?’ என்றுதான். வீட்டில் காஸ் இருக்கிறது. ஆனாலும் காலையில் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவதில் தொடங்கி, மாட்டுக்குக் கஞ்சி வைப்பது, ஆட்கள் வரும் நாளில் பெரிய சோறு ஆக்குவது எல்லாம் விறகில்தான். தென்னந்தோப்பு வைத்திருப்பவர் வீட்டில் மட்டையும் பாளையும் தேங்காய்த் தொட்டியும் குவிந்து கிடக்கும்போது, வெந்நீருக்கு சிலிண்டரைத் தீர்க்க யாருக்கு மனசு வரும்? எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான்.

அதனால் இரண்டு பாத்திரம் வைக்கும் புகையில்லா அடுப்பு போடுவது என்று முடிவானது. அடுப்பின் நீளம் 3 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் 10 அங்குலம். இரு பக்கமும் 3 அங்குலம் இடம் விட்டால் மூன்றரை அடி வாய் வேண்டும். இருப்பதோ இரண்டரை அடி.

கடப்பாரையோடு நின்ற என்னைத் தடுத்தது, எங்கள் ஊர்க் கொத்தனார்தான். வயது எழுபதைத் தாண்டியவர். சுத்தியலின் பின்பக்கத்தால் வாய்க்கு மேலே இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் ‘டக்’ என்றது. இன்னொரு இடத்தில் ‘பொத்’ என்றது.

“ஏனுங்க தம்பி, கடப்பாரைய அக்கட்ட வெய்யுங்க. மேல என்ன உக்காந்திருக்குதுன்னு பாக்காம கைய வெக்கக் கூடாதுங்க” என்றார்.

உளியால் பூச்சை மட்டும் பெயர்த்தார். உள்ளே வாயின் குறுக்கே ஒரு பனஞ்சட்டம். முன்பக்கம் நன்றாக இருந்தது. அடுப்பைப் பார்த்த உள்பக்கமோ பாதிக் கனத்துக்குக் கரியாகி இருந்தது. விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. மொத்தப் புகைக்கூண்டின் முன்பக்கப் பாரமும் மிச்சமிருந்த அந்தப் பாதிச் சட்டத்தின் மேல்தான் இருந்தது.

“இது இன்னும் எத்தன நாளைக்குத் தாங்கும்னு சொல்ல முடியாதுங் தம்பி” என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சாமான்களை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தார்.

மரம் தீப்பிடித்தால்தான் கெடும் என்று இல்லை. வருடக்கணக்கில் சூடு பட்டால் போதும். பூச்சுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகும், வெளியே தெரியாது. பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள், அகலப்படுத்தும் எண்ணமே இல்லாவிட்டாலும், புகைக்கூண்டு வாயின் மேல்பக்கத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

புகையைத் துரத்திய கதை

வீட்டுக்குள் எரியும் விறகு, வரட்டி, கரி ஆகியவற்றின் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெண்களும், அவர்கள் பக்கத்திலேயே இருக்கும் சின்னக் குழந்தைகளும்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

இதைச் சரிசெய்யும் முயற்சி நம் நாட்டில் புதிதல்ல. தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா நடத்திய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம், வார்தாவில் உள்ள மகன்வாடியில் இயங்கியது. அங்கே உருவானதுதான் ‘மகன் சூலா’ என்ற புகைபோக்கி வைத்த மண் அடுப்பு. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி.ராஜு, புகையில்லாச் சமையலறை பற்றி எழுதிய புத்தகம் 1953-ல் சென்னையில் அச்சானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் மூன்று பாத்திர ‘அஸ்த்ரா’ அடுப்பை வடிவமைத்தது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் பிரிவும் ஒற்றை, இரட்டை அடுப்புகளை உருவாக்கியிருக்கிறது.

மத்திய அரசு 1983-ல் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை நடத்தியது. நாடு முழுக்க 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டதாகக் கணக்கு. அவற்றில் பல அடுப்புகள் சில வருடங்களிலேயே பயன்பாட்டில் இல்லாமல் போயின. குழாயைச் சுத்தம் செய்யாததால் கரி அடைத்தது. உடைந்த குழாயை மாற்ற ஆள் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. தடித்த விறகு நுழையவில்லை என்று பலர் அடுப்பின் விறகு வாயைத் தாங்களே பெரிதாக்கிக்கொண்டார்கள். வாய் பெரிதானதும் உள்ளே போகும் காற்றின் கணக்குத் தப்பியது. புகை திரும்ப வீட்டுக்குள்ளேயே வந்தது.

ஒடிசாவில் சுமார் 2,600 வீடுகளில் நடந்து, 2012-ல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. புகைபோக்கி வைத்த அடுப்பு கொடுத்த முதல் வருடத்தில் புகை குறைந்தது. பிறகு பராமரிப்பு இல்லாமல், பழைய நிலைக்கே வந்துவிட்டது.

ஆக, வாயை அகலப்படுத்துவதில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, மேலே இருக்கும் சுவர் இறங்கலாம். இன்னொன்று, சுவர் நன்றாக நின்றாலும் புகை உள்ளே திரும்பலாம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மேலே எவ்வளவு பாரம்?

செங்கல் சுவரில் ஒரு வாய் வைத்தால், அதற்கு மேலே இருக்கும் மொத்தச் சுவரும் அந்த வாயின் மேல் அழுத்துவதில்லை. கற்கள் ஒன்றை ஒன்று கவ்விப் பிடித்திருப்பதால், வாய்க்கு மேலே ஒரு முக்கோண அளவு சுவர்தான் கீழே தொங்கும். மிச்சப் பாரம் இரு பக்கமும் பிரிந்து இறங்கிவிடும். வாய் மூன்றரை அடி என்றால், அந்த முக்கோணத்தின் உயரம் சுமார் 3 அடி. 9 அங்குலச் சுவரில் அதன் எடை சுமார் 200 கிலோ, அதாவது 2 குவிண்டால்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முக்கோணத்துக்குள் கூரையின் விட்டமோ கைமரமோ வந்து உட்கார்ந்திருந்தால், அந்தப் பாரமும் சேரும். புகைக்கூண்டு முன்பக்கம் சாய்ந்து வந்து வாயின் மேல் உட்கார்ந்திருந்தால், அதன் எடையும் சேரும். வாயின் இரு பக்கமும் போதிய சுவர் இல்லாவிட்டால், பாரம் பிரிந்து இறங்க வழியே இருக்காது.

எங்கள் வீட்டில் இரு பக்கமும் 21 அங்குலச் சுவர் இருந்தது. பக்கத்துக்கு 6 அங்குலம் வெட்டிய பிறகும் 15 அங்குலம் மிச்சம். அது போதும் என்றார் கொத்தனார். வெட்டிய பிறகு ஒரு பக்கம் 9 அங்குலத்துக்கும் குறைவாகத்தான் நிற்கும் என்றால், அந்தச் சுவரில் கை வைக்காமல் அடுப்பைச் சிறிதாக்குவதுதான் நல்லது. மேலே மாடி இருந்தாலோ, சுவரில் ஏற்கெனவே சாய்வான விரிசல் ஓடியிருந்தாலோ, ஒரு பொறியாளரிடம் காட்டாமல் தொடக் கூடாது.

லிண்டல் முதலில்... இடிப்பது பிறகு!

‘வாயை வெட்டிவிட்டு லிண்டல் வைக்கலாம்’ என்பதுதான் பலரும் செய்யும் தவறு. வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்த வரிசை இது.

1. லிண்டல் தயாரிப்பு: வாய் மூன்றரை அடி. இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். நாங்கள் 9 அங்குலம் விட்டோம். ஆக, நீளம் 5 அடி. 9 அங்குல அகலத்தில் ஒரே லிண்டலாகப் போட்டால் 130 கிலோவுக்கு மேல் வரும். தூக்கி வைப்பது சிரமம். அதனால் நாலரை அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் இரண்டு துண்டுகளாகத் தரையிலேயே வார்த்தோம். ஒவ்வொன்றிலும் கீழே 10 மி.மீ. கம்பி இரண்டு, மேலே 8 மி.மீ. கம்பி இரண்டு, அரை அடிக்கு ஒரு வளையம். கம்பிக்குக் கீழே ஒரு அங்குலம் கான்கிரீட் மறைப்பு. ஈரச் சாக்கு போட்டு 14 நாள் தண்ணீர் விட்டோம். வார்த்ததுமே மேல்பக்கத்தில் ‘மேல்’ என்று கீறிவிடுங்கள். தலைகீழாக வைத்தால் தடித்த கம்பி மேலே போய்விடும், பாரம் தாங்காது.

2. சமையலறையைக் காலி செய்தல்: இரண்டு நாள் முன்பே அடுப்பை அணைத்து, கூண்டை ஆறவிட வேண்டும். உள்ளே படிந்திருக்கும் கரியைத் தட்டி இறக்கிவிட வேண்டும். வேலை செய்பவர்கள் மூக்கையும் வாயையும் மறைக்கும் முகக்கவசம் போட வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

3. முட்டு: புது லிண்டல் வரும் இடத்துக்கு ஒரு அடி மேலே, சுவரில் இரண்டு துளை போட்டு, அதன் வழியே 4 அங்குலக் கனமுள்ள இரண்டு கட்டைகளைக் குறுக்கே நுழைத்தார் கொத்தனார். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு முட்டு, அந்தப் பக்கம் ஒரு முட்டு என ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு. முட்டின் அடியில் பலகை. கட்டைக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஆப்பு அடித்து இறுக்கினார். முக்கோணத்தின் பாரம் இப்போது முட்டுகளின் மேல் வந்துவிட்டது.

4. பாதிச் சுவர் மட்டும்: முன்பக்கத்தில் இருந்து நாலரை அங்குல ஆழத்துக்கு மட்டும், 5 அடி நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, முதல் துண்டை உள்ளே வைத்தார். ரசமட்டம் பார்த்து, மேலே இருக்கும் இடைவெளியில் ஈரம் குறைந்த சிமென்ட் கலவையையும் ஓட்டுச் சில்லையும் வைத்துக் குத்தி இறுக்கினார். கலவை தளதளவென்று இருந்தால், காயும்போது சுருங்கி மேலே இடைவெளி விழும். அதனால் கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து உள்பக்கப் பாதியை வெட்டி, இரண்டாவது துண்டை வைத்தார். கரிந்த சட்டம் அப்போதுதான் வெளியே வந்தது.

5. கடைசியாக வாய்: ஒரு வாரம் கழித்துத்தான் பக்கச் சுவர்களை வெட்டினார். சுத்தியல், உளி மட்டும்தான். கடப்பாரையால் நெம்பினால் மேலே உள்ள கற்களின் பிடி தளரும். வெட்டிய விளிம்பைப் பழைய கல்லோடு கோர்த்து, புதுச் செங்கல் வைத்து நேராக்கினார். அதன் பிறகே முட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுத்தார். துளைகளை அடைத்தார்.

கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை மொத்தம் நாலு நாள்தான். நடுவே காத்திருந்த நாட்கள்தான் அதிகம்.

‘கான்கிரீட்டுக்குப் பதில் கருங்கல் பலகை வைக்கலாமா?’ என்று கேட்கலாம். வைக்கலாம். நம் பகுதியில் கிடைப்பதும் எளிது. ஆனால், கருங்கல்லோ கான்கிரீட்டோ, தீ நேராகப் படக் கூடாது. கருங்கல் சூட்டில் சில்லுச் சில்லாகப் பெயரும், கான்கிரீட் வலுவிழக்கும். லிண்டலின் அடிப்பக்கத்திலும் உள்பக்கத்திலும் ஒரு அங்குலக் கனத்துக்கு மண் பூச்சு கொடுத்து, அவ்வப்போது புதுப்பித்தால் போதும்.

அடுப்பை உட்கார வைப்பது

அடுப்பைக் கட்ட சிமென்ட் தேவையில்லை. சூட்டில் சிமென்ட் பூச்சு வெடித்துவிடும். களிமண்ணோடு புற்றுமண், உமி அல்லது பொடியாக நறுக்கிய வைக்கோல், சாணி சேர்த்து மிதித்து, இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கட்டுவதுதான் நம் பெரியவர்கள் வழக்கம். தீ நேராகப் படும் இடத்தில் நன்றாக வெந்த செங்கல்லை வைக்கலாம்.

அடுப்பை இரு பக்கச் சுவரோடும் இறுக்கிக் கட்டாதீர்கள். சூடானால் அடுப்பு விரியும். இறுகக் கட்டினால் அடுப்போ சுவரோ வெடிக்கும். இரு பக்கமும் விட்ட 3 அங்குலத்தில் செங்கல் துண்டை மண்ணில் வைத்து அடைத்து, அடுப்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு மணலோ சாம்பலோ நிரப்பினால், அடுப்பு விரிய இடமும் இருக்கும், ஓட்டையும் இருக்காது.

நாங்கள் செய்த தவறு

எல்லாம் முடிந்து பத்து நாள் காயவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்தோம். பற்ற வைக்கும்போதும் விறகைத் தள்ளும்போதும் வந்த புகை, கூண்டுக்குள் ஏறாமல் வாய்க்கு வெளியே வந்து அம்மா முகத்தில் அடித்தது. ‘இதுக்கு அந்தக் கொடியடுப்பே தேவலையாட்ட இருக்குது கண்ணு’ என்றார் அம்மா.

தவறு எங்களுடையதுதான். லிண்டல் வைக்கும்போது, ‘அண்டா போய் வர வசதியாக இருக்கட்டும்’ என்று அரை அடி உயர்த்தி வைக்கச் சொன்னது நான். வாய் மூன்றரை அடி அகலம், மூன்றரை அடி உயரம் ஆகிவிட்டது. மேலே புகை போகும் தொண்டை மட்டும் பழையபடி 9 அங்குலத்துக்கு 12 அங்குலம்தான்.

திறந்த புகைக்கூண்டுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தொண்டையின் பரப்பு, வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கில் இருந்து பன்னிரண்டில் ஒரு பங்கு வரையாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் புகை வெளியே வழியும்.

பழைய வாய்: 30 அங்குலம் × 36 அங்குலம் = 1,080 சதுர அங்குலம். தொண்டை: 9 × 12 = 108. சரியாகப் பத்தில் ஒரு பங்கு! கட்டியவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

புது வாய்: 42 அங்குல அகலம். அடுப்பு அடைத்த 10 அங்குலம் போக, திறந்திருக்கும் உயரம் 32. ஆக 1,344 சதுர அங்குலம். புது அடுப்பின் 4 அங்குலக் குழாயும் தொண்டைக்குள்ளேயே போவதால், மிச்சத் தொண்டை சுமார் 95. பதினான்கில் ஒரு பங்குதான்.

இதே சிக்கல் குளிர் நாடுகளிலும் இருந்தது. வீட்டைச் சூடாக்கச் சுவருக்குள் தீ மூட்டும் இங்கிலாந்தில், அகலமான வாய்களால் வீடெங்கும் புகை. ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானி 1796-ல் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன வழிகளில் ஒன்று, செங்கல் வைத்துத் தீ மூட்டும் இடத்தைச் சிறிதாக்குவது.

கொத்தனார் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். அடுப்பில் ஈர மட்டை ஒன்றைப் போட்டுப் புகைய வைத்தார். ஒரு அகலமான பலகையை வாயின் மேல்விளிம்பில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். 6 அங்குலம் இறங்கியதும் புகை வெளியே வருவது நின்று, மேலே இழுக்க ஆரம்பித்தது. “இங்க ஒரு தகரம் அடிக்கோணுமுங்க. அவ்வளவுதான்” என்றார். 6 அங்குல அகலத்தில் தகரம் வெட்டி, லிண்டலின் அடியில் வாய் முழுக்கத் தொங்கவிட்டோம். திறந்த உயரம் 26 அங்குலமாகிவிட்டது. 42 × 26 = 1,092. இப்போது பதினொன்றரையில் ஒரு பங்கு. புகை நின்றது.

அதனால், வெட்டும் முன்பே தொண்டையை அளந்துகொள்ளுங்கள். அகலத்தைக் கூட்டினால், உயரத்தைக் குறைக்க வேண்டும். சமையலறை ஜன்னலையும் முழுக்க மூடிவிடாதீர்கள். மேலே காற்று போக வேண்டும் என்றால், கீழே காற்று உள்ளே வர வேண்டும்.

குழாயும் காற்றும்

அடுப்பின் குழாயைக் கூண்டுக்குள் பாதியில் விட்டுவிடக் கூடாது. அகலமான கூண்டில் புகை ஆறிவிடும். ஆறிய புகை மேலே ஏறாது. கூரைக்கு மேல் 3 அடியாவது நிற்கும்படி குழாயை முழுசாகக் கொண்டுபோக வேண்டும். நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு இருக்கிறது. ஆடி மாதம் வீசும் காற்று, உச்சி திறந்த குழாயில் புகையைக் கீழே தள்ளிவிடும். குழாயின் தலையில் தொப்பி கட்டாயம். தொப்பிக்கும் குழாய்க்கும் நடுவே புகை போக 4 அங்குலமாவது இடம் விடுங்கள்.

மாதம் ஒருமுறை குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். நீளமான மூங்கிலின் நுனியில் சாக்குத்துணி கட்டி இழுத்தாலே கரி வந்துவிடும். தேங்காய்த் தொட்டி, ஈர மட்டை அதிகம் எரிப்பவர்கள் 15 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டோம். மறக்காது.

பழைய அடுப்பில், விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காகப் பராமரிக்கும் புது அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு போகும். விறகை நன்றாகக் காயவைத்து, மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து வைப்பதும் இதில் சேர்ந்ததுதான். தடித்த கட்டை நுழையவில்லை என்று அடுப்பு வாயை வெட்டாதீர்கள், கட்டையைப் பிளந்துகொள்ளுங்கள்.

அம்மாவின் இருமல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரியில் எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது. கண்ணெரிச்சல் இல்லை. கரிந்த பனஞ்சட்டத்தை விறகாக எரித்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்று, அதை எடுத்துச் சாளைக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் பூச்சைப் பெயர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீட்டுக் கூண்டின் முன்சுவர் நாலரை அங்குலம்தான். அகலப்படுத்தலாமா?

நாலரை அங்குலச் சுவரைப் பாதி பாதியாக வெட்ட முடியாது. முட்டுக் கொடுத்து, மேலே உள்ள கூண்டை லிண்டல் மட்டம் வரை பிரித்து, லிண்டல் வைத்து மறுபடி கட்டுவதுதான் பாதுகாப்பு. அதைவிடச் செலவு குறைந்த வழி, வாய்க்குள் அடங்கும் அளவில் ஒற்றை அடுப்பு கட்டுவது. மண் அடுப்பை நம் அளவுக்குக் கட்டிக்கொள்ளலாம். சுவரை அப்படி மாற்ற முடியாது.

கீற்றுக் கூரை வீட்டில் இந்தக் குழாயை மேலே கொண்டுபோகலாமா?

கூடாது. சூடான குழாயும் தீப்பொறியும் கீற்றுக்கு எமன். குழாயைப் பக்கச் சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரையின் விளிம்பில் இருந்து நன்றாகத் தள்ளி, மேலே கொண்டுபோங்கள். முடிந்தால் அடுப்பையே தனியாக ஓடு போட்ட இறக்கத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் ஒன்று இருக்கிறது. வெட்டிப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அதை அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், புற்றுநோய்க்கும் காரணமாகும். புகையில் இருந்து தப்பிக்கப் போய் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஜி.ஐ. தகரக் குழாயோ, சுட்ட மண் குழாயோ போதும்.

புகைக்கூண்டு இழுக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுப்பு மூட்டுவதற்கு முன், ஒரு காகிதத்தைக் கொளுத்திக் குழாயின் அடியில் காட்டுங்கள். புகை மேலே ஓடினால் நல்லது. திரும்பி வந்தால் குழாயில் அடைப்பு இருக்கிறது, அல்லது வெளிக்காற்று கீழே தள்ளுகிறது. காலையில் குழாய் குளிர்ந்திருக்கும்போது இப்படி ஒரு காகிதத்தை முதலில் எரித்துவிட்டால், குழாய் சூடாகி, விறகு பற்றும்போதே புகை மேலே ஏறும்.

இரும்பு அடுப்பு வாங்கியிருக்கிறோம். அதற்குப் புகைக்கூண்டு தேவையா?

விறகு எரிகிற எந்த அடுப்புக்கும் புகை வெளியேற வழி வேண்டும். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், கார்பன் மோனாக்சைடு வாயு இருக்கும். மூடிய அறையில் அது உயிரைப் பறிக்கும். இரும்பு அடுப்பைக் கூண்டுக்குள் வையுங்கள், அல்லது திறந்த வெளியில் வையுங்கள். கரித்தணல் உள்ள அடுப்பைப் படுக்கும் அறைக்குள் மட்டும் எப்போதும் வைக்காதீர்கள்.